புதன்கிழமை அறுபத்தொன்பது

நவம்பர் 6, திங்கள்

காலையில் காஸ் சிலிண்டர் வந்தது. மாட்டிவிட்டுக் கிளம்ப அரை மணி நேரம் தாமதம். அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவனைக் கேட்க மாட்டார்கள்.

ஆறு பள்ளிகளின் பட்டியல் இறுதியாகிவிட்டது. இந்த ஆறில் எதில் பிளஸ் ஒன், பிளஸ் டூவை எடுத்துவிட்டுப் பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பது என்று 23ஆம் தேதி ஆய்வுக் கூட்டத்தில் முடிவாகும். குறிப்பு எழுதுவது நான். இந்த மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சிவக்கொழுந்து எழுதிய குறிப்புக்கு மேலிடத்திலிருந்து கேள்வி வராது என்று ஒரு பெயர் உண்டு.

எழுதுவதற்கு அதிகமில்லை. செங்கரடு மேல்நிலைப் பள்ளிதான் கடைசி. மற்ற ஐந்திலும் வருகை தொண்ணூறு சதவீதத்துக்கு மேல், செங்கரட்டில் எண்பத்தாறு. காரணம் ஆகஸ்ட் அறிக்கையிலேயே இருக்கிறது. அதை அப்படியே எடுத்துப் போட்டால் போதும்.

ஆனால் இந்த முறை புள்ளிவிவரமும் இணைக்க வேண்டுமாம். ஜூன் முதல் ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு நாளும் வந்தாரா இல்லையா என்ற பதிவை எக்செல் கோப்பாக இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு பள்ளி, 1,140 பேர், 92 நாள். ஒரு லட்சத்து நாலாயிரத்து எண்ணூற்று எண்பது வரிகள். அச்செடுத்தால் பக்கத்துக்கு நாற்பது வரி வீதம் 2,622 பக்கம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

"மரகதமணி டீச்சர்கிட்ட கொடுங்க" என்றார் கண்காணிப்பாளர்.

மரகதமணி டீச்சர் பதினெட்டு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். போன வருடம் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் போய்விட்டது, காற்று மட்டும் வருகிறது. வகுப்பெடுக்க முடியாது என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள். நான்கு மாதமாக அவரிடம் நான் பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும். அவர் பேசுவதைக் கேட்கக் குனிய வேண்டும், எனக்கு அது சங்கடம்.

நவம்பர் 7, செவ்வாய்

இதை எழுதி வைக்க வேண்டும்.

டீச்சர் கோப்பைத் திறந்தார். வரிகள் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தன. பெயர், பள்ளி, வகுப்பு, ஆணா பெண்ணா, ஊர், தேதி, வந்தாரா இல்லையா. கடைசிவரை இறங்கிப் பார்க்க நானாக இருந்தால் ஒரு வாரம் ஆகும். அவர் இறங்கவே இல்லை. மேலே ஒரு பொத்தானை அழுத்தினார். வெற்றுத் தாள் ஒன்று வந்தது. வலது பக்கத்தில் தலைப்புகள் மட்டும் வரிசையாக நின்றன.

"பிவட் டேபிள் சார். பார்த்திருக்கீங்களா?"

"கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன். கேள்விப்பட்டதில்லை.

'பள்ளி' என்ற தலைப்பைப் பிடித்து இழுத்து வரிசைப் பெட்டியில் விட்டார். ஆறு பள்ளிப் பெயர்கள் இடது ஓரத்தில் வந்து நின்றன. 'வகுப்பை' இழுத்து மேலே விட்டார். ஆறு முதல் பன்னிரண்டு வரை குறுக்கே வந்தது. வருகையை நடுவில் விட்டார். மொத்தக் கட்டமும் நிரம்பிவிட்டது. நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் ஒரு லட்சம் வரியும் கைக்குட்டை அளவுக்கு மடிந்திருந்தது.

எண்கள் பெரிதாக வந்ததைப் பார்த்து அவர் தலையாட்டினார். "இது எத்தனை வரின்னு எண்ணுது. வந்தவங்களையும் எண்ணுது, வராதவங்களையும் எண்ணுது. நமக்கு அது வேண்டாம்." வந்ததற்கு 1, வராததற்கு 0 என்று ஒரு பத்தி சேர்த்தார். கூட்டிச் சராசரி எடுக்கச் சொன்னார். சதவீதமாக மாறியது. செங்கரடு, எண்பத்தாறு.

"அதான் தெரியுமே" என்றேன்.

"எண்பத்தாறுன்னு தெரியும் சார். எந்த எண்பத்தாறுன்னு தெரியாது."

நவம்பர் 8, புதன்

இன்று முழுக்கச் சுத்தம் செய்தார். ஊர்வாரியாகப் பார்க்க முயன்றபோது தொட்டியமேடு என்ற ஒரே ஊர் ஏழு ஊராக வந்து நின்றது. தொட்டிய மேடு, தொட்டியமேட்டூர், தொட்டியமெடு. ஒன்று பார்க்கச் சரியாகவே இருந்தது. பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியாம், அதற்காகத் தனி ஊர். "நமக்கு ஒண்ணா தெரியறது அதுக்கு வேறங்க சார். சொன்னதை மட்டும்தான் கேக்கும்" என்றார்.

தேதியும் தேதியாக இல்லை, எழுத்தாகக் கிடந்தது. அதையும் மாற்றி, பக்கத்தில் கிழமை என்று ஒரு பத்தி போட்டார். கிழமை எதற்கு என்று கேட்டேன். "வகுப்பு எடுத்தவளுக்குத் தெரியும் சார், திங்கக்கிழமை வேற புள்ளைங்க, வெள்ளிக்கிழமை வேற புள்ளைங்க."

மதியம் சாப்பிடக்கூட எழவில்லை. பிளாஸ்கிலிருந்து வெந்நீர் மட்டும். வரைவுக் குறிப்பை முடித்துவிட்டு நான் நான்கு மணிக்கே கிளம்பிவிட்டேன். பல்லில் லேசாக வலி.

நவம்பர் 9, வியாழன்

திங்கள் 91. செவ்வாய் 91. புதன் 69. வியாழன் 91. வெள்ளி 91.

செங்கரடு மட்டும் இப்படி. மற்ற ஐந்து பள்ளியிலும் புதன்கிழமைக்கு ஒன்றுமில்லை.

டீச்சர் அந்த 69ஐ விரலால் தொட்டுக் காட்டினார். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். குனிய வேண்டியிருப்பது மறந்துபோயிற்று.

நவம்பர் 10, வெள்ளி

'மாதம்' என்ற தலைப்பை இழுத்து விட்டார். ஜூன், ஜூலையில் புதன்கிழமையும் 91தான். ஆகஸ்டில் 60. செப்டம்பரிலிருந்து 53.

'ஊரை' இழுத்து விட்டார். செங்கரட்டிலும் அதைச் சுற்றியும் இருக்கும் 92 பிள்ளைகள் புதன்கிழமையும் வருகிறார்கள். மேலே காட்டோரத்தில் இருக்கும் தொட்டியமேடு, பாலமரத்துக்காடு, வேலாம்பள்ளம் மூன்று ஊர்ப் பிள்ளைகள் 94 பேர். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்திலிருந்து புதன்கிழமைகளில் அவர்கள் வருகை பதினைந்து சதவீதம்.

ஆண், பெண் என்று பிரித்தார். பையன்கள் இருபத்தொன்பது. பெண்கள் மூன்று.

மூன்று சதவீதம். ஐம்பத்தொரு பெண்கள், பதினொரு புதன்கிழமை. வந்த வருகை பதினேழு, வராதது ஐந்நூற்று நாற்பத்துநான்கு. அந்த 544 என்ற எண்ணின் மேல் டீச்சர் இரண்டு முறை சொடுக்கினார். புதிய தாள் ஒன்று விரிந்தது. ஐந்நூற்று நாற்பத்துநான்கு வரிகள், வரிக்கு ஒரு பெயர். ஜீவிதா. மாதம்மாள். கௌசிகா. ஜீவிதா. ரோகிணி. ஜீவிதா. அதே பெயர்கள் திரும்பத் திரும்ப. மற்ற நாள்களில் இவர்கள் ஒருவரும் விடுப்பே எடுப்பதில்லை.

இருபத்தாறு வருடமாக எண்களை எடுத்து மேலே அனுப்பியிருக்கிறேன். எண்ணைத் தட்டினால் உள்ளேயிருந்து பெயர் வரும் என்று எனக்குத் தெரியாது.

"பெற்றோருக்கு அக்கறையில்லேன்னா அது புதன்கிழமை மட்டும் இல்லாம போகுமா சார்?" என்றார். என் வரைவைப் படித்திருக்கிறார்.

பிறகு ஆகஸ்ட் அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். செங்கரட்டில் வருகை சரிகிறது, நேரில் போய்ப் பார்த்து எழுதுங்கள் என்று என்னிடம் சொல்லி, நான் எழுதிக் கொடுத்தது அது. "நேரில் சென்று விசாரித்ததில், பெற்றோரின் அக்கறையின்மையே காரணம் எனத் தெரியவருகிறது." தேதி ஆகஸ்ட் 23.

"நீங்க போனது ஒரு புதன்கிழமை சார். அன்னிக்குப் பள்ளிக்கூடம் பாதி காலியா இருந்திருக்குமே. ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

மழை பெய்த ஞாபகம் என்றேன். பல் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. பூங்கோதை அதிரசம் சுட்டாள். சென்னையிலிருந்து மகன் எங்கள் இருவரிடமும் போனில் பேசினான். மழை இல்லை.

நவம்பர் 14, செவ்வாய்

ஆகஸ்ட் 23 அன்று எனக்கு உண்மையிலேயே பல்வலிதான். மருத்துவரிடம் போனேன், வேரைச் சுத்தம் செய்தார். மறுநாள் போயிருக்கலாம். அதற்கடுத்த நாளும் போயிருக்கலாம். செங்கரடு ஒன்றும் எட்டாத இடமில்லை, வண்டியில் ஒண்ணேகால் மணி நேரம்.

போகாமலே எழுதுவது இது முதல் முறையும் இல்லை.

இதை இங்கே எழுதினால் என்ன ஆகிவிடப் போகிறது. இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. ஜனவரியில் கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியல் வருகிறது. என் பெயர் இரண்டாவதாக இருக்கிறது.

நாளை புதன்கிழமை. தற்செயல் விடுப்பு சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 15, புதன்

ஆறு மணிக்குக் கிளம்பி ஏழரைக்குத் தொட்டியமேடு போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் ராகிக் காடு. நிழற்குடையில் ஓர் அம்மா தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண், வீட்டு உடுப்பில், மடியில் வேதியியல் புத்தகம்.

செங்கரட்டுக்குப் பஸ் எப்போது என்று கேட்டேன்.

"இன்னிக்கு புதங்கெழமைங்களே, வராதுங்க" என்றார் அந்த அம்மா. "கூத்தம்பாளையத்துச் சந்தைக்கு விட்டுட்டாங்க. ஆடிப் பதினெட்டு கழிஞ்சதுலிருந்து இப்படித்தானுங்க. எம்பட தக்காளிக்கே வேன் வந்தாத்தான் ஆச்சு."

"புள்ளைங்க எப்படிப் பள்ளிக்கூடம் போறாங்க?"

"பையனுக பால் வண்டியில தொத்திக்கிட்டுப் போறானுக. மீதிப் பேரு போறதில்லீங்க. ஏழு கிலோமீட்டரு, நடுவால ஆனைத் தடம் இருக்குது. பொம்பளப் புள்ளையத் தனியா அனுப்பி வெக்க முடியுங்களா?"

அந்தப் பெண் நிமிர்ந்து, "எங்களுக்கு கெமிஸ்ட்ரி லேப் ஆகஸ்டுலதான் ஆரம்பிச்சாங்க, அதுவும் புதன்கிழமை சார். நான் இன்னும் ஒரு எக்ஸ்பெரிமெண்ட்கூடச் செஞ்சதில்ல" என்றாள்.

பெயர் கேட்டேன். ஜீவிதா. தாளில் நான் பார்த்த பெயர். முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். ரங்கநாயகி என்று பெயர்.

"ஏனுங்க சொல்லாம? டெப்போவுக்கு வாத்தியாரு எழுதிப் போட்டாருங்க. ஆகஸ்டுல ஒரு நாளு ஆபீசரு ஒருத்தரு விசாரிக்க வர்றாருன்னு சொன்னாங்க. இதே மாதிரி ஒரு புதங்கெழமைங்க. நாங்க பொம்பளைக பதினோரு பேரு நடந்தே கீழ போனமுங்க. மத்தியானம் மூணு மணி மட்டும் பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியிலயே உக்காந்திருந்தமுங்க."

"அப்புறம்?"

"அந்தாளு வரலீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. வேன் வரவில்லை என்பதைப் போலச் சொன்னார். பிறகு, "நீங்க எந்த ஊருங்க? இத்தன காலையில வந்திருக்கீங்க, மோரு குடிக்கறீங்களா?" என்று கேட்டார்.

குடித்தேன். நான் யார் என்று சொல்லவில்லை.

நவம்பர் 16, வியாழன்

டீச்சரிடம் சந்தைக்குப் போகும் பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். நேற்றுப் போயிருந்தேன் என்றேன். "நேத்துதானே முதல் தடவை?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டார். இதற்கு அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை. அவரால் முடியாது என்பதும் நினைவுக்கு வந்தது.

நவம்பர் 17, வெள்ளி

இருவரும் டெப்போவுக்குப் போனோம். மேலாளர் நல்ல மனிதர். "இருக்கறது அந்த ஒரு வண்டிதாங்க. சந்தையைப் புது இடத்துக்கு மாத்துனாங்க, நூறு விவசாயி வந்து பஸ் கேட்டாங்க. புள்ளைங்களப் பத்தி ஒரு கடுதாசி வந்துச்சுங்க, ஒண்ணு ரெண்டு பேருன்னு நெனச்சேன்" என்றார்.

டீச்சர் ஒரே ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். மூன்று ஊர், ஐந்து கிழமை, ஆண், பெண். 2,622 பக்கம் அந்த ஒரு தாளில் இருந்தது. மேலாளர் பார்வை புதன்கிழமைப் பத்தியில் பெண்கள் வரிசையில் நின்றுவிட்டது. வகுப்பறையில் விடைக்காகக் காத்திருக்கும் ஆசிரியைபோல டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு இடையில் புகுந்து விளக்க வேண்டும்போல இருந்தது. நல்ல வேளை, சும்மா இருந்தேன்.

"சந்தை எட்டரைக்குத்தான் சூடு பிடிக்கும்" என்றார் மேலாளர் கடைசியில், தனக்குத்தானே சொல்வதுபோல. "புதன்கிழமை ஒரு மணி நேரம் முன்னாடி எடுத்தா? ஆறு நாப்பதுக்குத் தொட்டியமேடு, ஏழு இருபதுக்குப் பள்ளிக்கூடம், அப்படியே சந்தை. எழுத்துல கேளுங்க, செஞ்சு பார்க்கறேன்."

எழுத்தில் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே சின்னக் கடிதம்.

நவம்பர் 23, வியாழன்

ஆய்வுக் கூட்டம். முதன்மைக் கல்வி அலுவலர் தமயந்தி அம்மா தலைமை. சுவரில் திரை.

செங்கரடு வந்தது. டீச்சர் ஒலிபெருக்கியை உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பேசினார். நாற்பது பேர் மூச்சுவிடாமல் கேட்டார்கள். தமயந்தி அம்மா சும்மா இருப்பவர் இல்லை. "புதன்கிழமை மற்ற பள்ளிகளில் எப்படி? ஒன்பதாம் வகுப்பு மட்டும் காட்டுங்க. வேலாம்பள்ளம் மட்டும் காட்டுங்க" என்று அடுக்கினார். அவர் கேட்டு முடிப்பதற்குள் டீச்சர் தலைப்புகளை இழுத்து விட, கட்டம் மாறி மாறி விடை வந்து நின்றது. இத்தனை வருடக் கூட்டங்களில் "விவரம் பெற்று அனுப்புகிறோம் அம்மா" என்ற வாக்கியம் இல்லாமல் நடந்த கூட்டம் இதுதான்.

"புதன்கிழமையை எடுத்துட்டுப் பார்த்தா?" என்றார் கடைசியாக.

"தொண்ணூத்தொண்ணு அம்மா. மத்த ஐந்து பள்ளி மாதிரியேதான்."

தமயந்தி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கோப்பைப் புரட்டினார். "ஆகஸ்டில் நேரில் போய் விசாரிச்ச அறிக்கை ஒண்ணு இருக்கு. புதன்கிழமைதான் போயிருக்காங்க. பஸ்ஸைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?"

டீச்சருக்குப் பதில் தெரியும். அவர் ஒலிபெருக்கியை மேசைமேல் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தபடி நின்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்காக ஒரு பொய்யும் சொல்லவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அந்த இடத்தை எனக்கு விட்டுவைத்தார்.

எழுந்தேன். "நான் போகலீங்க அம்மா. போகாமலே எழுதினது" என்றேன்.

கண்காணிப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"அங்க பதினோரு பெண்கள் அன்னிக்கு மூணு மணி வரைக்கும் காத்திருந்தாங்க. அதையும் குறிப்புல சேர்க்கணும்" என்று சொன்னேன். என் குரல் எனக்கே டீச்சர் குரல்போல மெலிந்து கேட்டது.

செங்கரட்டில் பிளஸ் ஒன், பிளஸ் டூ தொடரும். டெப்போவுக்குக் கூட்டத்திலிருந்தே போன் போயிற்று.

நவம்பர் 24, வெள்ளி

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஒரு வரியில் பதில் எழுதினேன். பூங்கோதையிடம் சொன்னேன். "ஏனுங்க, இதைச் சொல்ல மூணு மாசமா?" என்றாள். அப்படியானால் அவளுக்கு முன்பே தெரியும்.

டிசம்பர் 7, வியாழன்

ஆறு நாற்பது பஸ் ஓடத் தொடங்கி இரண்டு புதன்கிழமை ஆகிறது. புதிய வரிகளைச் சேர்த்துவிட்டு டீச்சர் 'புதுப்பி' என்பதை அழுத்தினார். நேற்று, புதன், மூன்று ஊர்ப் பெண்கள்: ஐம்பத்தொன்றில் நாற்பத்தெட்டு. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் போய் நின்றேன். எனக்கும் அங்கே வேலை இருந்தது.

டிசம்பர் 20, புதன்

எல்லா ஒன்றியங்களிலிருந்தும் தலா ஒருவர் வந்திருந்தார்கள். டீச்சர் பிவட் டேபிள் சொல்லிக்கொடுத்தார். நானும் உட்கார்ந்தேன். இவர் கரும்பலகை முன் நின்றபோது எப்படி இருந்திருப்பார் என்று இன்று பார்த்தேன். தவறாக இழுத்துவிட்ட ஒருவரிடம், "தப்பில்லைங்க. திருப்பி வெளியே இழுத்துப் போடுங்க. மூல விவரம் அப்படியேதான் இருக்கும், நீங்க பார்க்கற பக்கம்தான் மாறுது" என்றார். அவரை எந்த வகுப்பிலிருந்து எடுத்தார்களோ அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது நடந்தாலும் வலிக்கிறது.

ஜனவரி 3, புதன்

யாரும் சொல்லாமல் நானாக ஒரு கட்டம் போட்டேன். வேறொரு ஒன்றியம், முப்பத்தெட்டாயிரம் வரி. காலை வருகை, மாலை வருகை இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தேன். முதலில் எண்ணிக்கை வந்தது, சராசரிக்கு மாற்ற மறந்திருக்கிறேன். மாற்றினேன்.

அரசங்காடு உயர்நிலைப் பள்ளியில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண்கள் காலையில் 93, மதியத்துக்குப் பிறகு 70. பையன்களுக்கு இரண்டு வேளையும் 92. அக்டோபரிலிருந்து இப்படி.

டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு, "காரணம்னு ஒரு கட்டம் வெச்சிருக்கீங்க, காலியா இருக்கே?" என்றார்.

"தெரியாதுங்க டீச்சர்" என்றேன்.

சிரித்தார். சத்தம் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

ஜனவரி 5, வெள்ளி

அரசங்காடு போனேன். காலை மணி அடிப்பதற்கு முன்பே போய், கடைசி மணிவரை இருந்தேன். பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அக்டோபர் 9 அன்று எரிந்துபோயிருக்கிறது.